நிறுத்தி வைத்த வழக்கு

“அந்தக் கேட் தாழ்ப்பாள் கேஸ் இன்னிக்காவது நகர்ந்துச்சாம்மா?”

முதியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்தபடி கேட்டார். மார்ஷல் நகர ஃபெடரல் நீதிமன்றத்தின் பதிவுக் கவுண்டரில் இருந்த வெர்னா, கம்ப்யூட்டரைப் பார்க்காமலேயே உதட்டைப் பிதுக்கினாள். பதின்மூன்று மாதங்களாகத் திங்கள்தோறும் ஒன்பது மணிக்கு இதே கேள்வி.

“இல்லைங்கய்யா. அதே கதைதான். வாஷிங்டன்ல வர்த்தக ஆணையம் அதே தாழ்ப்பாளை விசாரிக்குது, இறக்குமதியைத் தடுக்கணுமான்னு. அது முடியற வரைக்கும் இங்க நிறுத்தி வைங்கன்னு எதிர்த்தரப்பு கேட்டுடுச்சு.”

“ஜட்ஜ் முடியாதுன்னு சொல்லக் கூடாதா?”

“அங்க விசாரணையில மாட்டினவங்க கெடுவுக்குள்ள கேட்டுட்டா இங்க நிறுத்தியே ஆகணும். சட்டம் அப்படி. ஜட்ஜே பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் கையெழுத்துப் போட்டாரு.”

“ஜூரி முன்னாடி ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். அதுவரைக்கும் உசிரு இருக்கணுமே...”

வழக்கு மனுவை வெர்னா படித்திருந்தாள். மாட்டுப் பண்ணைக்காரர் லோவெல் கிரிஷம், மகளின் விரல் கேட்டில் நசுங்கிய பிறகு, விரலைக் கடிக்காத தாழ்ப்பாளைக் கண்டுபிடித்தவர். கூடவே இருந்த கூட்டாளி அந்த வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய், வெளிநாட்டில் செய்து வரவழைத்து, நாடு முழுக்க விற்றுவிட்டான்.

“கவலைப்படாதீங்க. நீங்கதான் ஜெயிப்பீங்க.”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கம்மா!”

“அந்தத் திருடன் மட்டும் நிம்மதியாத் தூங்கறான் பாருங்க.”

“இல்லம்மா” என்றார் அவர். “தூங்கறதில்லை.”

கவுண்டர் கண்ணாடியில் கையை ஊன்றித் திரும்பி மெல்ல நடந்தார். வாசல் காவலர் டெல்பர்ட் கண்ணடித்தார். “வெர்னா, உன் திங்கட்கிழமை மாப்பிள்ளை கிளம்பிட்டாரு!”

அடுத்த திங்கட்கிழமை. கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் வந்து நின்றது ஓர் இறப்பு அறிவிப்பு. வாதி லோவெல் கிரிஷம் வியாழக்கிழமை காலமானார். நுரையீரல் புற்றுநோய். வழக்கை அவர் மனைவி தொடர்ந்து நடத்துவார்.

வெர்னா காபியை ஒதுக்கி வைத்தாள். கவுண்டர் கண்ணாடியில், போன வாரம் அவர் சாய்ந்து நின்ற இடத்தில், ஐந்து விரல் தடங்கள் அப்படியே இருந்தன. துடைக்கத் துணியை எடுத்தவள், மனம் வராமல் வைத்துவிட்டாள்.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. டெல்பர்ட்தான்.

“உன் மாப்பிள்ளை வந்துக்கிட்டிருக்காரு.”

“விளையாடாதே டெல்பர்ட். அந்த மனுஷன் செத்துப் போயிட்டாரு.”

“செத்துட்டாரா? இப்பதானே பெல்ட்டைக் கழட்டச் சொல்லி உள்ள விட்டேன்!”

கதவு ஓசையில்லாமல் திறந்தது. அதே தொப்பி, நெஞ்சோடு. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. வெர்னா நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள். ரிசீவர் கையிலிருந்து நழுவியது.

“மிஸ்டர் கிரிஷம்... நீங்க... வியாழக்கிழமையே...”

அவர் கண்ணாடிக்கு வெகு அருகில் வந்தார்.

“மன்னிப்புக் கேக்கப் போனப்ப, கோர்ட்டுல வந்து சொல்லுன்னு அந்த வீட்டுல கதவைச் சாத்திட்டாங்கம்மா. கேஸை நிறுத்தி வைக்கச் சொல்லி கோர்ட் கதவை என் வக்கீலுங்க சாத்திட்டாங்க, நானும் தலையாட்டிட்டேன். இனிமே சொல்லி யாருக்குக் கேக்கப் போகுது?”

வெர்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“கிரிஷம் நான் இல்லம்மா. அவன்கிட்ட திருடினவன் நான்.”