ஏழாம் படத்துக்கு விளக்கம்

புதிய சாலைத் திட்டத்துக்கு ஆட்சேபம் சொல்ல அன்றுதான் கடைசி நாள். அதுவரை ஓர் ஈ காக்காய் கூட எட்டிப் பார்க்கவில்லை. சாயங்காலம்வரை இப்படியே போய்விட்டால் சாலை உறுதி. திட்ட அதிகாரி நிம்மதியாகக் காலாட்டிக்கொண்டிருந்தார்.

வரைபடம் அவர் கைவண்ணம். அதன் கோடுகளையும் நிறங்களையும் பார்த்தால் பிரம்மாவுக்கே தலை சுற்றும்.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த பெண் தயங்கியபடி வந்து நின்றாள்.

"சார், பார்வையில்லாதவங்க போன்ல கேக்குற மாதிரி படங்களுக்கு விளக்கம் எழுதிட்டேன். ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா..."

"கண்ணு தெரியாதவங்க வரைபடத்தை வச்சு என்னம்மா பண்ணப் போறாங்க? அப்படியே வெப்சைட்ல ஏத்திவிடு."

மதியம் மூன்று மணிக்கு அறை நிறையக் கூட்டம் வந்தது. முன்னால் பார்வையில்லாத கணக்கு வாத்தியார்.

"படத்தைப் பாத்த எங்களுக்கு ஒரு மண்ணும் விளங்கல சார். வாத்தியார் கேட்டுட்டுச் சொன்னாரு" என்றார் பக்கத்தில் நின்றவர்.

வாத்தியார் கைபேசியை மேசைமேல் வைத்துத் தட்டினார். அது நிதானமாக வாசித்தது.

"படம் ஏழு. நூல் பிடித்தாற்போல் நேராக வரும் சாலை, ஒரு மூன்று மாடி வீட்டைக் கண்டதும் இடப்பக்கம் வளைந்து, பள்ளிக்கூடத்தின் நடுவே புகுந்து, மறுபடியும் நேராகிறது."

"ஏன் சார் வளையுது?" என்றார் வாத்தியார்.

அதிகாரி அந்தப் பெண்ணைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "இதையெல்லாமா எழுதுவ?"

"படத்துல இருந்ததை மட்டும்தான் சார் எழுதினேன்" என்றாள் அவள், தலை நிமிராமல். "அது உங்க மாமனார் வீடுன்னு படத்துல போடல. அதனால நானும் எழுதல."