டாக்டரின் மரியாதை

உச்சிவெயிலில் ஓடித் தொப்பையைக் குறைக்கப் பார்த்த திபிலா, வாகடூகு நகரின் சிறிய மருத்துவமனை ஒன்றில் கண் விழித்தான். எதிரே டாக்டர் தோயே நின்றிருந்தார்.

"ஏப்ரல் மாச மத்தியானத்துல கழுதைகூட நிழல்ல படுத்திருக்கும். நீ கழுதையைவிடக் கீழ போயிட்டியேடா."

"உடம்பு இளைக்கணும்னு..."

"மூளைதான் இளைச்சிருக்கு. இனி விடியறதுக்கு முன்ன நட. தாகம் எடுக்கறதுக்கு முன்ன தண்ணி குடி. புரிஞ்சுதா, மடையா?"

அண்டை நாட்டு லோமேயிலிருந்து புதிதாக வந்திருந்த செவிலி அஃபிக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், நோயாளிகிட்ட மரியாதையாப் பேசக் கூடாதா?"

டாக்டர் சற்று யோசித்தார். "மன்னிச்சுக்குங்க ஐயா. நல்லா ஓய்வெடுங்க" என்றார் மென்மையாக.

திபிலாவின் முகம் வெளிறியது. அஃபியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உண்மையைச் சொல்லும்மா. நான் பிழைக்க மாட்டேனா?"

அவன் மோசி, டாக்டர் சாமோ. அந்த இரண்டு இனத்தாரும் பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் விளையாட்டாக வைதுகொள்வதுதான் உறவுமுறை. ஒரு சாமோ தன்னிடம் மரியாதையாகப் பேசி அவன் கேட்டதே இல்லை.

டாக்டர் அவனை முறைத்தார். "நீ செத்தா முதல் ஆளா வந்து நின்னு சிரிப்பேன். இப்போதைக்கு எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. எழுந்து வீட்டுக்குப் போ."

"போடா, நாய்க்கறி தின்னி" என்று சாமோக்களை வையும் வழக்கமான வசவைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் திபிலாவுக்கு மூச்சு வந்தது.