இருக்கிற ஒரே படம்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் மாலை வெயில் நடைமேடையில் நீண்டு கிடக்கிறது. “தன்ஷிகா என்ற நாலு வயதுக் குழந்தையைக் காணவில்லை. மஞ்சள் கவுன், மொட்டைத் தலையில் சந்தனம்” என்று ஒலிபெருக்கி மூன்றாவது முறையாகச் சொல்கிறது. சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு பழனி பஸ் வந்து நிற்க, சந்தனம் காய்ந்த மொட்டைத் தலைகள் ஏழெட்டு இறங்குகின்றன. தாய் பாண்டிமீனா ஒவ்வொரு முகமாகத் திருப்பிப் பார்க்கிறாள். பிள்ளைகள் மிரண்டு அழுகின்றன. “முடி எறக்குன பெறகு எடுத்த போட்டோ இல்லையாம்மா?” என்கிறார் பெண் காவலர். “அழுதுக்கிட்டே இருந்தா மேடம். வீட்டுக்குப் போயி எடுப்பம்னு விட்டுட்டேன்.” இருக்கிற படத்தையே கண்டக்டர்கள், கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குக் காவலர் அனுப்புகிறார். நிலையமெங்கும் போன்கள் கிணுகிணுக்கின்றன. “எம்புட்டு முடி இந்தப் புள்ளைக்கு!” என்கிறாள் பூக்காரம்மா. எல்லார் கையிலும் இரட்டைச் சடையில் மல்லிகை வைத்துச் சிரிக்கிறாள் தன்ஷிகா.