ஐம்பதைக் கழித்தவன்

பங்கு ஆய்வு அறிக்கையை வெளியிடும் முன் அந்தக் கம்பெனியிடம் காட்டுவது வழக்கம். தங்கச் சுரங்க முதலாளி உள்ளே படித்துக்கொண்டிருந்தார். எழுதிய இளம் பங்கு ஆய்வாளன் வெளியே காத்திருந்தான். செயலாளர் அம்மாள் தண்ணீர் கொடுத்தாள்.

"அப்படி என்ன எழுதினீங்க தம்பி? உள்ளே சத்தமே இல்லையே!"

"எண்பதுக்குப் போற பங்கு, நியாயமா முப்பதுதான் பெறும்னு எழுதிட்டேன்க்கா."

"சிங்கத்து மீசையில ஊஞ்சலா ஆடுறீங்க? கணக்குத் தப்புன்னு சொல்லி மாத்திக் கொடுத்துட்டுப் போங்க. புள்ளகுட்டிக்காரர்."

அந்தப் பரிவு இதமாக இருந்தது. மாற்றத்தான் மனம் வரவில்லை. கடவுளை வேண்டிக்கொண்டு உள்ளே போனான்.

"ஐம்பதை எதுக்குய்யா கழிச்சே?" என்றார் முதலாளி.

"சுரங்கம் ரெண்டு மடங்கு ஆழமாப் போயிருக்குங்க. ஆனா மேற்கூரை இடியாம முட்டுக் கொடுக்கிற செலவு ஏறவே இல்லை. அப்போ கீழே முட்டே கொடுக்கலைன்னுதானே அர்த்தம்? இனி ஆகப்போற அந்தச் செலவைத்தான் கழிச்சேன். என் வேலையே போனாலும் மாத்த மாட்டேங்க."

"உன் வேலை யாருக்கு வேணும்? முட்டுக் கொடுத்தாச்சுன்னு பழைய மேலாளர் என்கிட்ட பொய் சொல்லியிருக்கான். என் மகன் இப்போ கீழேதான் இருக்கான்!"

அவர் போனை எடுத்தார்.

"வேலையை நிறுத்து. எல்லாரையும் உடனே மேலே ஏத்து... என் மகனா? அவன்தானே அங்கே புது மேலாளர்? கடைசி ஆள் ஏறின பிறகு அவன் ஏறட்டும்."

போனை வைத்தவர், அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்க மேலே வர்ற வரைக்கும் கொஞ்சம் என்கூட உட்காருப்பா."