புது ஆத்துமா

காட்டுப்பாக்கம் சபையின் ஃபேஸ்புக் பக்கத்தைக் கவனிக்கும் ரோஹித்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சரசா பாடிய வீடியோவைப் பார்த்து, ‘அழுதுட்டேன். சபை எங்கே?’ என்று கேட்டவர் ஞாயிறன்று நேரிலேயே வந்துவிட்டார். பிள்ளைகளின் சண்டே ஸ்கூலைப் பார்க்க ஆசைப்பட்டவரை அங்கே விட்டுவிட்டு, சரசாவிடம் ஓடினான்.

“நீ வேணாம்னு சொல்லியும் போட்டேனே, பாருக்கா! கர்த்தர் உன் பாட்டால ஒரு ஆத்துமாவ இட்டாந்துகீறாரு.”

அவரோடு எடுத்த செல்ஃபியை நீட்டினான். சரசாவின் முகம் வெளிறியது.

“இந்தாளு அடிக்குப் பயந்துதான்டா புள்ளையத் தூக்கிகினு ஓடியாந்தேன்!”

இருவரும் சண்டே ஸ்கூலுக்கு ஓடினார்கள். டீச்சர் சிரித்தபடி சொன்னாள்:

“பாப்பாவ அவங்கப்பா இப்பத்தான் இட்டுகினு போனாரு. நம்ம ரோஹித்தே கூட்டியாந்த ஆளாச்சேன்னு அனுப்பிட்டேன்.”