ஐயாவின் நாற்காலி

மதத்தின் சமூகவியலில் பேர்பெற்ற பேராசிரியர் ஞானசிகாமணி மாணவர்களிடம் அடித்துச் சொல்வார், பார்க்கிறவன் சடங்கில் கலக்கக் கூடாது என்று. அவரும் அப்படித்தான். வருஷம் தவறாமல் ஒரு தென்மாவட்டக் கிராமத்துச் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுக்குப் போய், வேப்பமரத்தடியில் பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஊர்க்காரர்களுக்கு அவர் 'ஐயா'. திருநீறுகூட வாங்கியதில்லை. புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும், நாற்காலியின் முன்னங்கால்கள் மணலில் இறங்க, முன்னால் சாய்ந்து உற்றுப் பார்ப்பார்.

ஓய்வுபெற்றபின் முழங்கால் வலியால் சில வருஷங்கள் போகவில்லை. இந்தக் கொடைக்கு மனசு கேட்காமல் கிளம்பிவிட்டார்.

உச்சிவெயில். அதே மரத்தடி, அதே நாற்காலி. அதன் கைகளில் சந்தனம், முதுகில் அரளிமாலை. சாமியாடி பிச்சைக்கண்ணு அதன்முன் குனிந்து, "ஐயா, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டுக் காத்து நின்றார். பிறகுதான் மேளம் எழுந்தது.

"பிச்சைக்கண்ணு, நான் வந்துட்டேன்யா" என்று சிரித்தபடி ஞானசிகாமணி நாற்காலியை நெருங்கினார்.

பிச்சைக்கண்ணு அவரை யாரோ வெளியூர்க்காரரைப் போலப் பார்த்தார்.

"நடுவுல நிக்காதீய. ஐயாவுக்கு மறைக்குல்லா."

ஞானசிகாமணி கூட்டத்துக்குள் விலகி நின்றார். காலி நாற்காலியின் முன்னங்கால்கள், அவர் இருந்த பக்கமாக, மணலில் மெல்ல இறங்கின.