ஆறு எம்.எம். வீரம்

“எல்லாரும் கையில இருக்கறதைக் கீழ வைங்க. ஒரு முக்கியமான அறிவிப்பு!”

பட்டறையில் எல்லாரும் என்றால் மொத்தமே இரண்டு பேர். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். தன் ஜீப் தயாராவதற்காகப் பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்த பல் டாக்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“இன்னையிலேர்ந்து என் ஜீப்போட அடிவயித்துல எந்தப் பாறையும் கை வைக்க முடியாது. கீழ தகடு மாட்டப் போறேன்” என்றார் கமாண்டர்.

கமாண்டர் எந்தப் படையிலும் இருந்தவரல்ல. மெத்தைக் கம்பெனியில் விற்பனை மேலாளர். காடு மேடெல்லாம் ஏறும் ஜீப்பை வாங்கிய கையோடு, எண்ண முடியாத பாக்கெட்டுகள் வைத்த பேன்ட் ஒன்றையும் வாங்கி, அந்தப் பட்டத்தைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டவர்.

மெக்கானிக் ஜீப்பைத் தூக்கி நிறுத்தி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். இன்ஜின் ஆயில் தொட்டி முழுக்க வரிவரியாகக் கீறல்.

“என்ன சார், ஒரே இடத்துல இத்தனை அடி? இன்னொரு தடவ பட்டா ஆயில் பூரா ரோட்டுலதான்.”

“அந்த இடம் அப்படி. செங்குத்தா ஒரு ஏத்தம். ஏறி முடிக்கறப்போ வண்டி மூக்கு வானத்தைப் பாக்கும். முன்னால என்ன இருக்குன்னே தெரியாது. சரியா அங்க, நட்ட நடுவுல, கறுப்பா ஒரு பாறை!”

அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய பல் டாக்டர் தன் வாயைத் திறந்தார்.

“வேற வழியே கிடையாதா கமாண்டர்?”

“ஒரே வழி.”

“அந்தப் பாறையைப் பேத்து எடுத்துட்டா என்ன?”

கமாண்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அந்த ஏரியா முழுக்க ஒருத்தர் கட்டுப்பாட்டுல இருக்கு டாக்டர். பாறை மேல ஒரு கீறல் விழுந்தாக்கூட விசாரணை. போன தடவ நான் பட்டினி கிடந்தேன்.”

“அடேங்கப்பா! ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட்டா?”

“அவங்களா இருந்தா கால்ல விழுந்தாவது தப்பிச்சிரலாம்.”

“யாருமே எதுத்துக் கேக்கலையா?”

“ஒரு பெரியவர் கேட்டாரு. தங்கமான மனுஷன். அதுலேர்ந்து அவர் வாயே தொறக்கறதில்ல.”

பல் டாக்டர் எழுந்து நின்று அந்தப் பெரியவருக்குத் தலை குனிந்து அஞ்சலி செலுத்தினார். அதைக் கலைத்தது தகரச் சத்தம். மெக்கானிக் இரண்டு தகடுகளை இழுத்துக்கொண்டு வந்தார்.

“அலுமினியம் போட்டுக்குங்க சார். லேசா இருக்கும். கல்லு பட்டா தகடு நசுங்கிக் குடுத்துரும்.”

“கல்லுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சார், நீங்க வண்டிக்குத் தகடு வாங்க வந்தீங்களா, கல்லுக்கா?”

“சும்மா கேட்டேன். அப்ப அலுமினியமே…”

அந்த ஒரு கணம் கமாண்டர் புத்திசாலியாக இருந்தார். பல் டாக்டரால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

“நானும் அலுமினியம்தான் சொல்லியிருக்கேன். நம்ம மாதிரி ஞாயித்துக்கெழமை டிரைவருங்களுக்கு அது போதும்!”

‘நம்ம மாதிரி’ என்பது கமாண்டரின் காதில் கொதிக்கும் எண்ணெயாக இறங்கியது. அதுவரை தாழ்ந்திருந்த மீசை எழுந்து நின்றது.

“இருக்கறதுலயே கெட்டியான தகடு எது?”

“ஆறு எம்.எம். இரும்பு. பீரங்கி வண்டிக்கே மாட்டலாம். ஆனா கனம் சார். வண்டி முன்னாடி ஒரு விரக்கடை இறங்கிரும்.”

“இறங்கட்டும். அதையே மாட்டுங்க.”

தகட்டைத் தூக்கிப் பிடிக்கப் பல் டாக்டரும் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஓட்டைக்கு நேரே ஓட்டை வரவில்லை. மெக்கானிக் துளையைப் பெரிதாக்கினார், தட்டினார், திட்டினார், கடைசி போல்ட்டையும் முறுக்கி முடித்தார். கமாண்டர் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“சரி, கெளம்புவோம் சார்.”

“எங்க?”

“அந்தப் பாறைக்குத்தான். எங்க அடிபடுதோ அங்கயே ஒரு தடவ ஏத்திப் பாத்து, போல்ட்டை மறுபடி இறுக்கிக் குடுத்தாதான் என் வேலை முடிஞ்சதா அர்த்தம். எல்லாருக்கும் அப்படித்தான் பண்றேன்.”

கமாண்டரின் மீசை மறுபடியும் தாழ்ந்தது. “உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்? ரொம்ப ஆபத்தான இடம்…”

“அப்ப நானும் வரேன்!” பல் டாக்டர் பின்சீட்டில் ஏறி பெல்ட்டும் போட்டுவிட்டார்.

இரண்டு தெரு தாண்டியதுமே கமாண்டர் வேகத்தைக் குறைத்தார்.

“இவ்வளவு பக்கத்துலயா?” என்றார் பல் டாக்டர்.

கமாண்டர் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். செங்குத்தான ஏற்றம். வண்டி மூக்கு வானத்தைப் பார்த்தது. கமாண்டர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

“டமார்!”

மெக்கானிக் குதித்து இறங்கி, அடியில் தலையை நுழைத்தார். “சார்! தகட்டுல ஒரு சொட்டை இல்ல! வண்டிக்கு ஒண்ணுமே ஆகல!”

ஏற்றத்தின் உச்சியில் கமாண்டரின் சொந்த வீடு. அதன் ஜன்னலுக்குப் பின்னால், அவருடைய மாமனார் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். காற்றில் கேட் அடித்துக்கொள்ளாமலிருக்க வாசல் நடுவே தானே அளந்து, தானே பக்கத்தில் நின்று பதிக்க வைத்த கறுப்புக் கல்லைப் பார்க்கக் கமாண்டரின் மனைவி வெளியே வந்தாள்.

கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது.